பதினோராம் பக்கத்து மேடு

ஐந்தாம் வகுப்பு ஆசிரியை அவர்களின் பணிநிறைவு விழாவில் உடன் பணியாற்றுவோர் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

பாதியில் புத்தகத்தை மூடிய பிள்ளையைப் பழிக்காத பண்பாளரே! பக்கத்துக்குப் பக்கம் மேடு பள்ளம் உண்டெனக் கண்டு, பொறுமையோடு பாதை போட்டுத் தந்தவரே! அலமாரியின் பூட்டைவிட அட்டையின் படத்தை அதிகம் நம்பியவரே! எங்கள் அன்புக்கும் அடிக்கடி எங்கள் பொறாமைக்கும் உரிய ஐந்தாம் வகுப்பு டீச்சர் அவர்களே! வணக்கம்.

இத்தகைய மடல்கள் எப்படிப் போகும் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். இந்தப் பள்ளியில் ஓய்வு பெற்ற ஒவ்வொருவருக்கும் நாங்கள் எழுதிய மடலை நீங்கள்தான் திருத்திக் கொடுத்தீர்கள். "வான்மழைபோல் வாரி வழங்கினீர்" என்று எழுதி வந்தால், ஓரத்தில் பென்சிலால் "எதை?" என்று ஒரு சொல் எழுதித் திருப்பி அனுப்புவீர்கள். இந்த மடலைத் திருத்த நீங்கள் இல்லை. ஆனாலும் அந்தப் பென்சிலுக்குப் பயந்தே எழுதியிருக்கிறோம். ஆகவே நீங்கள் எதை வழங்கினீர்கள் என்று சொல்கிறோம். அது எப்படி வேலை செய்தது என்று, பெற்றோரும் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கும் இந்த அவையில் விளக்குகிறோம். திங்கட்கிழமை முதல் அது இருக்காது என்பதையும் சொல்லாமல் விட எங்களுக்கு மனம் வரவில்லை.

முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றினீர்கள். அதில் பெரும்பகுதி ஒரே அறையில். தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டியிருக்கும் அந்த அறைக்கு எங்களில் யாரும் ஆசைப்பட்டதில்லை. மோட்டார் ஓடினால் கரும்பலகை அதிரும். மழை பெய்தால் தொட்டிப் பக்கத்துச் சுவர் வியர்க்கும். நீங்கள் அதற்கு எதிர்ச் சுவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். காய்ந்த சுவர், சன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவர். அந்தச் சுவரில்தான் உங்கள் வகுப்பறை நூலகம் இருந்தது. "இருந்தது" என்று எழுதும்போது கை தயங்குகிறது. என்றாலும் நேற்றைக்கு முந்தைய நாளே அந்தச் சொல் சரியாகிவிட்டது.

பள்ளிக்கு வேறொரு நூலகமும் உண்டு. தலைமையாசிரியை அறையில், கண்ணாடிக் கதவு போட்ட இரும்பு அலமாரி. அதிலுள்ள புத்தகங்கள் வாங்கிய நாளில் இருந்ததுபோலவே இன்றும் பளபளக்கின்றன. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டை எந்த நூலகத்தின் மீதும் சுமத்த முடியாது. நீங்கள் அந்த அலமாரியின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு வந்து ஓய்வறையில் சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது. "எல்லாப் புத்தகமும் முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது. முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறவங்ககிட்ட எந்தப் பிள்ளை பேசப் போகும்?"

அதிலிருந்து தொடங்கியது உங்கள் வேலை. புத்தகத்தின் முதுகில் எழுத்து மட்டுமே இருக்கிறது. எழுத்தோடு ஏற்கெனவே மனத்தாங்கலில் இருக்கும் பிள்ளை எழுத்தைப் பார்த்துக் கை நீட்டாது. முகத்தில் கப்பல் இருக்கிறது, குரங்கு இருக்கிறது, கோபித்துக்கொண்ட ஒரு கிழவர் இருக்கிறார். ஆகவே எல்லாப் புத்தகமும் முகம் காட்டி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தீர்கள். சாதாரண அலமாரியில் அது நடக்காது. ஆழம் அதிகம், புத்தகம் பின்னால் சரிந்துவிடும். வேண்டியது ஒடுக்கமான, விளிம்புள்ள ஒரு வாய்க்கால். பிளம்பர் அண்ணனை வரவழைத்து, பெரிய பிளாஸ்டிக் குழாய்களை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து சுவரில் வரிசையாகப் பதிக்கச் சொன்னீர்கள்.

"வகுப்புக்குள்ள எங்கம்மா தண்ணி வரப்போகுது?" என்று அவர் கேட்டார்.

"தண்ணி வராது அண்ணே. புத்தகம் வரும்" என்றீர்கள்.

அவர் நம்பாமலே பதித்துக் கொடுத்தார். பழைய பேப்பர் கடையிலிருந்தும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீடுகளிலிருந்தும் புத்தகங்கள் வந்தன. எளியது கீழே, கடினமானது மேலே என்று நீங்கள் பிரிக்கவில்லை. பிரித்தால், கீழ்வரிசைக்குக் குனிகிற பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒல்லிப் புத்தகமும் குண்டுப் புத்தகமும் தோளோடு தோள் நின்றன. எவர் எதை எடுத்தாலும் எடுத்தவரின் தரம் வெளியே தெரியாது.

மதிய உணவு முடிந்து மணி அடித்ததும் இருபது நிமிடம். கதவு சாத்தப்படும். யாரும் பேசக்கூடாது, யாரும் எந்தப் புத்தகத்தையும் எடுக்கலாம், பிடிக்காவிட்டால் வைத்துவிடலாம். முடித்தபின் கேள்வி கிடையாது. "கதைச் சுருக்கம் எழுது", "நீதி என்ன" என்ற இரண்டையும் அந்த அறையின் வாசலிலேயே நிறுத்திவிட்டீர்கள். நாங்கள் கேட்டபோது உங்கள் விடை எளிமையாக இருந்தது. "பின்னாடி கேள்வி இருக்குன்னு தெரிஞ்சா, பிள்ளை கதையை விட்டுட்டுக் கேள்வியைத் தேடிக்கிட்டே படிக்கும்."

இதுவரை சொன்னதை வேறு ஊர்களிலும் யாராவது செய்திருக்கலாம். இனிச் சொல்லப்போவது உங்களுடையது.

பள்ளிக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கும் அக்கா, வெட்டி எறியும் துண்டுத் துணிகளை உங்களுக்காக ஒரு பையில் போட்டு வைப்பார். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துணி. பூப்போட்டது, கோடு போட்டது, கட்டம் போட்டது, எதுவும் இன்னொன்றைப் போல இராது. அதை விரல் அகலத்துக்கு நாடா நாடாவாகக் கத்தரித்து ஒரு கட்டாகப் பிள்ளையிடம் கொடுப்பீர்கள். புத்தகத்தைப் பாதியில் விட்டால், விட்ட பக்கத்தில் தன் நாடா ஒன்றை வைத்துவிட்டுப் புத்தகத்தை வாய்க்காலில் திருப்பி வைக்க வேண்டும். நாடாவை வெளியே எடுக்கக்கூடாது. எப்போதாவது திரும்பி வந்தால் அங்கிருந்து தொடரலாம். வராவிட்டாலும் நாடா அங்கேயே இருக்கும். உங்களுக்கும் ஒரு நாடா உண்டு. கிழிந்துபோன உங்கள் குடையின் கறுப்புத் துணி. நீங்களும் புத்தகங்களைப் பாதியில் விட்டீர்கள், பிள்ளைகள் பார்க்கவே விட்டீர்கள்.

முதலில் இதை நாங்கள் அடையாளக் குறி என்றுதான் நினைத்தோம். அது என்ன செய்யும் என்பது, மூட்டை என்று எல்லோரும் அழைத்த ஒரு பெண்ணால் தெரியவந்தது. அறையிலேயே குண்டான புத்தகத்தை மாதக்கணக்கில் தூக்கிக்கொண்டு அலைந்ததால் வந்த பெயர் அது. அவள் அதைப் படிக்கவில்லை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு நாள் அவள் ஒல்லியான புத்தகம் ஒன்றை எடுத்துப் படித்தாள், நடுவில் நின்றாள், தன் நாடாவை வைக்கப் போனாள். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே நான்கு நாடாக்கள் இருந்தன. அமைதி நேரம் என்பதையும் மறந்து சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"டீச்சர்! எனக்கு முன்னாடி நாலு பேரு இங்கயேதான் விட்டிருக்காங்க. அப்ப நான் மக்கு இல்ல!"

வகுப்பு சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து அந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள். "இல்லம்மா. மேடு இங்க இருக்கு" என்றீர்கள்.

அவையோரே, இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புத்தகத்தை மூடுகிற பிள்ளை எப்போதும் தன்னையே குற்றவாளியாக நினைக்கிறது. எனக்குப் புரியவில்லை, எனக்குப் பொறுமை இல்லை, எனக்குப் படிப்பு வராது என்று மூன்றே படியில் அது கீழே இறங்கிவிடும். ஒரே பக்கத்தில் ஐந்து நாடா கிடந்தால் கதை மாறுகிறது. ஐந்து பேருக்கும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினால், அங்கே மேடு இருக்கிறது என்று பொருள். ஏறுபவரிடம் கோளாறு இல்லை. இதை எந்தத் தேர்வும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. தேர்வு பிள்ளையை அளக்கிறது. உங்கள் நாடா பக்கத்தை அளந்தது.

அளந்ததோடு நிற்கவில்லை. வாரக் கடைசியில் நாடாக்கள் குவிந்த புத்தகமாகப் பார்த்து எடுப்பீர்கள். மேட்டுக்கு ஒரு பக்கம் முன்னால் தொடங்கி, மேடு முடிந்து ஒரு பக்கம் வரை உரக்கப் படித்துக் காட்டுவீர்கள். கடினமான சொல்லுக்குப் பொருள் சொல்லிக்கொண்டு நிற்கமாட்டீர்கள். சும்மா கடந்து போவீர்கள், வண்டியை வேகத்தடையில் மெல்ல ஏற்றி இறக்குவதுபோல. சுவாரசியம் மறுபடி தொடங்கும் வரிக்கு வந்ததும் டக்கென்று மூடி வாய்க்காலில் வைத்துவிடுவீர்கள். "டீச்சர், அப்புறம்?" என்று வகுப்பே அலறும். "எனக்கென்ன தெரியும்? அது புத்தகத்துல இருக்கு" என்பீர்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் அந்தப் புத்தகம் இடத்தில் இருக்காது. அதற்குப் பெரிய வரிசையே காத்திருக்கும்.

மூட்டை இன்று இந்த அரங்கின் பின்வரிசையில், இடுப்பில் தன் மகளோடு நிற்கிறார். அந்தக் குழந்தை ஐந்தாம் வகுப்புக்கு வரும்போது நாங்கள் என்ன காட்டப் போகிறோம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

உங்களைப் பார்த்து நாங்களும் செய்து பார்த்தோம். அதையும் இந்த மடலில் சொல்லத்தான் வேண்டும். கணக்கு சார் தன் ஆறாம் வகுப்பில் அதே பிளம்பர் அண்ணனை வைத்து, உங்கள் சுவரை அளவு நாடா பிடித்து அளந்து, ஒரு விரல்கடை மாறாமல் அதே குழாய்களைப் பதித்தார். நல்ல புத்தகங்களாக வாங்கிப் போட்டார். அதே துணி நாடா, அதே இருபது நிமிடம், அதே சாத்திய கதவு. அந்த இருபது நிமிடத்தை வீணாக்குவானேன் என்று கட்டுரை நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தார். நம் தொழிலில் உள்ள எவருக்கும் அதே எண்ணம்தான் வந்திருக்கும். பிள்ளைகள் சிவப்புப் பேனாவின் ஒவ்வொரு கீறலுக்கும் தலை தூக்கினார்கள். அது யார் நோட்டு, அது சரியா தப்பா என்பதைவிடச் சுவையான கதை அந்தக் குழாயில் எதுவும் இல்லை.

அவர் உங்களிடம் வந்து கேட்டார். "எல்லாம் உங்களை மாதிரியேதான் வச்சிருக்கேன் டீச்சர். ஒருத்தனும் படிக்க மாட்டேங்கிறான்."

"அந்த நேரத்துல நீங்க என்ன படிக்கிறீங்க?" என்று கேட்டீர்கள்.

"நானா? நான் எதுக்குப் படிக்கணும்? நான்தான் படிச்சு முடிச்சுட்டேனே!"

ஓய்வறை முழுவதும் சிரித்தது. கணக்கு சாரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் சிவப்புப் பேனாவை வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அதற்குப் பதில் வேறொரு முன்னேற்றம் செய்தார். நாடா நாளொன்றுக்கு எத்தனை பக்கம் நகர்கிறது என்று வகுப்புத் தலைவனை விட்டு எழுதச் சொன்னார். முன்னே போனவர்களுக்குப் பாராட்டு. ஒரே வாரத்தில் ஆறாம் வகுப்பு நாடாக்கள் குதிரைபோலப் பாய்ந்தன. எண்பது பக்கம், நூறு பக்கம், கடைசி அட்டை! நாடா மட்டும் ஓடியது, பிள்ளைகள் இருந்த இடத்தில் இருந்தார்கள். மேடு இருக்கும் பக்கத்தில் ஒரு நாடா கூட நிற்கவில்லை, ஆகவே எங்கே மேடு என்று யாருக்கும் தெரியவுமில்லை. அடுத்த பருவத்தில் அந்தக் குழாய்களில் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக முகம் காட்டி நின்றன. கணக்கு சார் இந்தப் பத்தியைத் தானே படித்துப் பார்த்து, "பாட்டிலையும் எழுதுங்க, உண்மைதானே" என்று சொல்லி ஒப்புதல் தந்திருக்கிறார்.

அவரைச் சொல்லி மற்றவர்கள் தப்பிக்க முடியாது. இருபது நிமிடம் பிள்ளைகள் கண்முன்னே சும்மா உட்கார்ந்து, நமக்குப் பிடித்த ஒன்றைப் படிப்பதற்கு எங்கள் யாருக்கும் துணிச்சல் இல்லை. யாராவது எட்டிப் பார்த்தால் சும்மா இருக்கிறோம் என்று நினைப்பார்களே என்ற அச்சம். உங்கள் நூலகத்தின் முக்கியமான பாகம் குழாயிலோ துணியிலோ இல்லை. மேசைக்குப் பின்னால், குனிந்த தலையோடு, வாசலில் நிழல் விழுந்தாலும் நிமிராமல் உட்கார்ந்திருந்த உங்களிடம் இருந்தது. அந்தப் பாகத்துக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது.

பிறகு அந்தச் செய்தி வந்தது. அடுத்த தெருப் பள்ளியின் கட்டடம் விரிசல் விட்டு, இனி உள்ளே யாரும் போகக்கூடாது என்று பூட்டிவிட்டார்கள். அங்குள்ள பிள்ளைகள் திங்கட்கிழமை முதல் இங்கே வருகிறார்கள். ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் இன்னொரு முழு வகுப்பளவு பிள்ளைகள். தலைமையாசிரியை அளவு நாடாவோடு உங்கள் அறைக்குத் தாமே வந்தார். சுவர் ஓரத்தில் பெஞ்சு போட்டால்தான் எல்லோருக்கும் இடம் போதும். பெஞ்சு போட்டால் குழாய்கள் உட்காருபவரின் தலையில் இடிக்கும். இதில் வில்லன் யாரும் இல்லை; அதுதான் இன்னும் கொடுமை.

"எனக்கு மட்டும் ஆசையா டீச்சர்? பிள்ளைங்களைத் தரையில உக்கார வைக்கச் சொல்றீங்களா?" என்று அவர் கண்கலங்கினார்.

"வேண்டாம் டீச்சர். கூரை போன பிள்ளைங்க. முதல்ல அவங்க உக்காரட்டும்" என்றீர்கள். அதோடு நிறுத்தாமல், அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நேற்றைக்கு முந்தைய நாள் பிளம்பர் அண்ணன் வந்தார். "மாட்டுன கையாலேயே கழட்ட வேண்டியதாப் போச்சேம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே கழற்றினார். பிள்ளைகள் புத்தகங்களை அட்டைப் பெட்டிகளில் அடுக்கினார்கள். கட்டம் போட்ட நாடா வைத்திருந்த ஒருத்தி வந்து கேட்டாள், "டீச்சர், எங்க நாடாவை எல்லாம் எடுத்துடலாமா?" "உள்ளேயே இருக்கட்டும். எப்பவாவது திறப்பாங்க" என்றீர்கள். யார் திறப்பார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

உங்கள் கறுப்பு நாடா இருந்த புத்தகமும் அந்தக் கலவரத்தில் ஏதோ ஒரு பெட்டிக்குள் போய்விட்டது. எல்லாப் பெட்டியையும் பிரித்துத் தேடித் தருகிறோம் என்று சொன்னோம். நீங்கள் வேண்டாம் என்றீர்கள். "நான் எந்தப் பக்கத்துல விட்டேன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. பிள்ளைங்களுக்குத்தான் மறந்துடும்."

இப்போது அந்தச் சுவரில் திருகாணித் துளைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தெரியாதவர் பார்த்தால் ஏதோ பூச்சி அரித்தது என்று நினைப்பார்.

விழாவுக்கு என்ன பரிசு வேண்டும் என்று உங்களிடம் கேட்டோம். கடிகாரமா, கைப்பையா என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதமே நடந்திருந்தது. நீங்கள் சொன்னீர்கள்: "ஆளுக்கு ஒரு பெட்டி எடுத்துட்டுப் போங்க. உங்க வகுப்புல வச்சு, கூட உக்காந்து நீங்களும் படிங்க. அதுபோதும்."

அதன்பின் ஓய்வறையில் நடந்ததையும் மறைக்க விரும்பவில்லை. ஒன்றாம் வகுப்பு டீச்சர், தன் பிள்ளைகள் நாடாவைத் தின்றுவிடுவார்கள் என்றார். ஓவிய டீச்சருக்குச் சொந்தமாக அறையே இல்லை. அறிவியல் டீச்சருக்குப் பாடம் முடியவில்லை. கணக்கு சார் சன்னல் வழியாகத் தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு காரணமும் நியாயமானதுதான். நியாயமான காரணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் பரண் வரை எட்டும் என்று அன்று கண்டோம். பெட்டிகளும் அங்கேதான் போயின. ஓய்வறைப் பரணில், உடைந்த நாற்காலிகளுக்கும் பழைய வரைபடச் சுருள்களுக்கும் நடுவில்.

ஒரு பெட்டி மட்டும் போகவில்லை. அதை எடுத்துக்கொண்டவர் நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஆள். எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர், விசில் சார். அவர் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் திறந்து நாங்கள் கண்டதில்லை.

"மழை பெஞ்சா மைதானம் போச்சு. பசங்க சாமான் அறையில வந்து அடைஞ்சுகிட்டு ஒருத்தன் காலை ஒருத்தன் மிதிப்பான். ஒரு பெட்டி அங்க கிடக்கட்டும்" என்றவர், சந்தேகத்தோடு கேட்டார், "நானும் படிச்சே ஆகணுமா டீச்சர்?"

"ஆமா சார்."

"எனக்குத் தூக்கம் வருமே!"

"வந்தா நாடாவை வச்சுட்டுத் தூங்குங்க."

நாடாவுக்குத் துணி இல்லாமல், தன் பழைய விசிலின் கயிற்றைத் துண்டித்துக்கொண்டார். பெட்டியில் மேலாக இருந்த கப்பல் கதையை எடுத்தார். மறுநாள் காலை, நீங்கள் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தார். பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டாராம். அங்கே ஏற்கெனவே ஆறு நாடா கிடந்தன.

"டீச்சர், இந்தப் பக்கத்துல என்ன இழவு இருக்கு? கப்பல்ல இருக்கிற கயித்துக்கு எல்லாம் பேரு சொல்லிக்கிட்டே இருக்கான்!"

"மேடு சார். உரக்கப் படிங்க, தாண்டிடலாம்."

"இங்கயா? எல்லாரும் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும்."

தாழ்வாரத்தில், பரணுக்குப் போகக் காத்திருந்த பெட்டிகளுக்கு நடுவே நின்று அவர் படித்தார். மைதானத்தின் மறுமுனை வரை கேட்கும் குரல், பாய்மரத்தின் பின்கயிற்றில் வந்து தடுக்கி விழுந்தது. முன்கயிற்றில் மறுபடி விழுந்தது. பிள்ளைகள் சிலர் வந்து சுற்றி நின்றார்கள், யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. பக்கத்தின் முடிவில் அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இதை எழுதுனவனை மைதானத்தைச் சுத்திப் பத்து ரவுண்டு ஓட விடணும்" என்றார். அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள், நீங்களும். அந்த வாரம் முழுவதும் நீங்கள் சிரித்து நாங்கள் பார்த்தது அது ஒன்றுதான்.

மதிப்புக்குரியவரே! மடலின் நிறைவுக்கு வந்துவிட்டோம். இந்த இடத்தில் எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு. "தாங்கள் தொடங்கிய அரும்பணியை நாங்கள் அணையாமல் காப்போம்" என்று முதல் வரைவுப் படியில் எழுதியும் இருந்தோம். அந்தப் படி ஓய்வறையில் கைமாறிக் கைமாறிப் போனது. தலைமையாசிரியை அதுவரை படித்து நிறுத்தினார். கணக்கு சாரும் அங்கேயே நிறுத்தினார். ஓவிய டீச்சரும், அலுவலக எழுத்தரும், மணி அடிக்கும் அக்காவும் அதே வரியில் நின்றார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. உங்களிடம் கற்ற பாடத்தின்படி, இத்தனை பேர் ஒரே இடத்தில் நின்றால் அந்த வரியில்தான் ஏதோ இருக்கிறது. பார்த்தோம். அது பொய்யாக இருந்தது. எடுத்துவிட்டோம். இந்த மடலைச் சட்டம் போட்டு உங்களிடம் தரும்போது அந்த இடம் ஒரு வரி அளவுக்கு வெறுமையாக இருக்கும். அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

எழுத முடிந்ததை மட்டும் எழுதுகிறோம். உங்கள் கண்கள் நெடுங்காலம் தெளிவாக இருக்கட்டும். மடியில் விரித்த புத்தகத்தை யாரும் வந்து மூடச் சொல்லாத மதியங்கள் உங்களுக்கு நிறைய வாய்க்கட்டும். உடல் நலத்தோடும், கேட்பதற்குப் பிள்ளைகள் இல்லாத வீட்டிலும் உரக்கப் படிக்கும் குரலோடும் நீங்கள் நீடு வாழ வேண்டும். எங்களை உங்கள் பழக்கப்படியே பழிக்காமல் விட்டுவிடுங்கள். அதற்கு நாங்கள் தகுதியானவர்களா என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

பரணில் இருக்கும் பெட்டிகளுக்குள் பூப்போட்டதும் கோடு போட்டதும் கட்டம் போட்டதுமாகப் பிள்ளைகள் விட்டுப்போன இடங்கள் அப்படியே இருக்கின்றன. அவற்றில் ஒன்று உங்கள் குடைத் துணி. அவை நகரும் என்று சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

விசில் சாரின் கயிறு நேற்று மாலை பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

மாறாத மதிப்புடன்,
தலைமையாசிரியை, கணக்கு சார், ஒன்றாம் வகுப்பு டீச்சர், ஓவிய டீச்சர், அறிவியல் டீச்சர், அலுவலக எழுத்தர், மணி அடிக்கும் அக்கா, விசில் சார்